சித்திரக்கதையும் சீர்திருத்தமும்

படம் போட்ட கதைப் புஸ்தகம் என்றால் அது சிறுவர் கையில் பொழுதுபோக்குக்காகக் கொடுக்கும் பண்டம் என்றும், கற்றவர் அதைத் தொடுவது அவர் கல்விக்கே இழுக்கு என்றும் எண்ணுவோர் நம்மவரில் பலர் உளர். அவ்வெண்ணத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அச்சேறிவரும் படக்கதைகளில் அடிதடியும் மாயமும் மலிந்தவை மிகுதி. ஆயினும் படத்தை இகழும் அன்பர்களை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். இராமனையும் கிருஷ்ணனையும் நம் தோட்டத்து மக்கள் எங்கே கற்றார்கள்? வால்மீகியின் வடமொழியிலா? கம்பனின் பல்லாயிரம் செய்யுளிலா? ஏட்டைத் தொடவே தகுதியில்லை என்று பல தலைமுறை ஒதுக்கி வைக்கப்பட்டவர்க்கு அது எங்ஙனம் இயலும்? கோபுரத்துச் சுதையிலும், தெருக்கூத்திலும், மளிகைக் கடைக்காரர் ஆண்டுதோறும் இனாமாகத் தரும் காலண்டரிலும், பிறகு வெள்ளித் திரையிலும் கண்டே கற்றார்கள். புராணம் நம் லயங்களுக்குள் நுழைந்தது பெரிதும் கண் வழியாகத்தான். புராணத்துக்கு இத்தனை காலம் ஊழியம் செய்த சித்திரம், பகுத்தறிவுக்கு மட்டும் ஊழியம் செய்யலாகாது என்பது என்ன நியாயம்?

ஆகவே, எழுத்து உயர்ந்ததா, சித்திரம் உயர்ந்ததா என்று வழக்காடுவதில் பயனில்லை. எவருடைய வாழ்க்கை, எவர் கையால், எந்த நோக்கத்துக்காக வரையப்படுகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. இக்கேள்வியைக் கொண்டு சில நூல்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேரிலக்கியங்களைப் படக்கதையாகச் சுருக்கித் தரும் தொழிலைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் ஆல்பர்ட் கான்டர் என்பவர். ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், 1941-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆசிரியர் துய்மாவின் ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ கதையை முதல் இதழாகக் கொண்டு ஒரு வரிசையைத் தொடங்கினார். 1947-இல் அதற்கு ‘கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்னும் பெயர் அமைந்தது. மூல நூலையும் தேடிப் படியுங்கள் என்று வாசகருக்கு அறிவுரை கூறுவது அவ்வரிசையின் வழக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் விளைவு என்ன? விக்டர் ஹியூகோவின் ‘லே மிசரபிள்’ என்னும் மாபெரும் நவீனத்தைச் சில பத்துப் பக்கங்களில் அடக்கப் புகுந்தால் எது மிஞ்சும்? ஒருவன் ஓடுவதும் மற்றொருவன் துரத்துவதும் மிஞ்சும். ஒரு துண்டு ரொட்டி திருடியவனைப் பல்லாண்டு சிறையில் அடைக்கும் சட்டம் சட்டந்தானா என்று ஹியூகோ எழுப்பிய வழக்கு கரைந்து போகும். கதையைக் காப்பாற்றிக் கருத்தைக் கைவிடுவது சுருக்கத்தின் இயல்பான நோய். சித்திரக்கதைக்கு நாம் சொல்லும் முதல் குறை இதுவே.

இரண்டாவது குறை இன்னும் கொடிது. அது வண்ணத்தைப் பற்றியது. இந்தியாவில் 1967-ஆம் ஆண்டில் அனந்த பாய் என்பவர் ‘அமர் சித்ர கதை’ என்னும் வரிசையைத் தொடங்கினார். கிரேக்கக் கதைகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் இந்தியப் பிள்ளைகளுக்கு இராமனின் தாய் பெயர் தெரியவில்லையே என்ற கவலையால் இதைத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. இவ்வரிசை நானூற்றுக்கு மேற்பட்ட தலைப்புகளில், பல மொழிகளில் வெளிவந்து, இலட்சக்கணக்கான இல்லங்களில் புகுந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்த இந்தியப் பிள்ளைகள் பலருக்குத் தம் நாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இதில் தெரிந்ததே. இதில் அரசரும் முனிவரும் தேவரும் பெரும்பாலும் வெள்ளை மேனியர். அசுரரும் அரக்கரும் கறுத்த மேனியர், பருத்த உதட்டினர், கோரப் பல்லினர். ஆராய்ச்சியாளர் பலர் இதை எடுத்துக்காட்டிவிட்டனர். எழுத்தில் ‘அசுரன்’ என்று படிக்கும் பிள்ளை, அவன் நிறம் என்ன என்று தானே எண்ணிக்கொள்ளலாம். சித்திரமோ எண்ண இடம் கொடாமல் தீட்டிக் காட்டிவிடுகிறது. கொளுத்தும் வெயிலில் உழைத்துக் கறுத்த தன் தகப்பனைப் போன்றவனே அரக்கன் என்று ஒரு பிள்ளை எவரும் சொல்லாமலே கற்றுக்கொண்டால், அக்கல்வியை எந்தப் பள்ளிக்கூடம் அழிக்கவல்லது?

இனி, உண்மையாக வாழ்ந்தவர் சரித்திரத்துக்கு வருவோம். டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கை இருமுறை புகழ்பெற்ற சித்திர நூல்களாக வந்திருக்கிறது. ஒன்று, மேற்சொன்ன அமர் சித்ர கதை வரிசையில் 1979-இல் வந்தது. மற்றொன்று, நவயானா பதிப்பகம் 2011-இல் வெளியிட்ட ‘பீமாயணம்’. முன்னது, அவ்வரிசையின் வழக்கப்படி, கட்டங்கட்டமாக அடுக்கிய வண்ணப் படங்களில் ஒரு மாவீரனின் ஏற்றத்தைக் கூறுவது. இழிவுக்கு ஆளானார், கற்றார், போராடினார், உயர்ந்தார் என்பது அதன் போக்கு. அரசரையும் முனிவரையும் பாடிய வரிசையில் ஒடுக்கப்பட்டோர் தலைவருக்கும் ஓர் இதழ் கிடைத்ததே என்று அன்று மகிழ்ந்தவர்களை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் ஒருவர் உயர்ந்த கதையைப் படித்து முடிப்பவன், ‘திறமையிருந்தால் எவரும் உயரலாம்’ என்னும் பாடத்தோடு எழுந்து போவான். ‘பத்து வயதுப் பாலகனுக்குத் தண்ணீர் மறுத்த சமூகம் எத்தகையது?’ என்னும் கேள்வியோடு எழுந்து போகமாட்டான். சரித்திரத்தை வீரகாவியமாக்கினால் குற்றவாளி தப்பித்துக்கொள்கிறான்.

பீமாயணம் இத்தவற்றைச் செய்யவில்லை. அதுவே அந்நூலின் தலையாய சிறப்பு. ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த் ஆகிய இருவரும் கதையை எழுத, துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் தம்பதிகள் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிலும் இந்நூல் பெயர்க்கப்பட்டிருக்கிறது. இதற்கு அடிப்படை, அம்பேத்கர் தம் கையாலேயே எழுதி வைத்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் சிறு சுயசரிதைக் குறிப்பு. தீண்டாமை என்பது என்ன என்று அந்நியருக்கு விளக்கச் சட்டங்களையும் சாஸ்திரங்களையும் காட்டாமல், தமக்கும் பிறர்க்கும் நேர்ந்த சில நிகழ்ச்சிகளை மட்டும் அதில் எடுத்துரைக்கிறார். அந்நிகழ்ச்சிகளையே தண்ணீர், தங்குமிடம், பயணம் என்னும் மூன்று பாகங்களாக இந்நூல் வகுத்திருக்கிறது. இவ்வகுப்பு எத்துணைப் பொருத்தமானது! மனிதன் உயிர் வாழ வேண்டியவை குடிக்க நீர், படுக்க இடம், நடக்க வழி. ஜாதி இம்மூன்றையும் மறுக்கிறது என்பதைத் தலைப்புகளே சொல்லிவிடுகின்றன.

நிகழ்ச்சிகள் சிலவற்றை வாசகர் அறிவது நலம். 1901-ஆம் ஆண்டு. கோரேகாமில் காசாளராக வேலை பார்க்கும் தந்தையைக் காணச் சிறுவன் பீமனும் உடன்பிறந்தாரும் ரயிலேறிச் செல்கிறார்கள். நல்ல உடை உடுத்தியிருந்ததால் அன்போடு விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், அவர்கள் மகார் பிள்ளைகள் என்று கேட்டதும் முகம் மாறுகிறார். வண்டிக்காரன் எவனும் ஏற்ற மறுக்கிறான். இரட்டிப்புக் கூலி பேசியபின் ஒருவன் இணங்குகிறான், அதுவும் எப்படி? பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான்! கையில் கட்டுச்சோறு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இன்றி அன்றிரவு பிள்ளைகள் பசியோடு படுக்கிறார்கள்.

பின்னர் கொலம்பியாவிலும் லண்டனிலும் கற்றுத் திரும்பிய அதே பீமன் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்துக்குப் போகிறார். தங்க இடமின்றி ஒரு பார்ஸி விடுதியில் பார்ஸிப் பெயரோடு ஒளிந்து வாழ்கிறார். பதினோராம் நாள் பார்ஸிக்காரர் பன்னிருவர் தடிகளோடு வந்து வெளியேற்றுகிறார்கள். இந்து நண்பரும் கிறிஸ்தவ நண்பரும் இடம் தரத் தயங்க, பம்பாய் ரயில் புறப்படும் வரை பூங்கா ஒன்றில் உட்கார்ந்து கண்ணீர் விடுகிறார். மூன்றாவதாக 1934-இல் தௌலதாபாத் கோட்டை. தோழர்களோடு சென்றவர் வாயிற்குளத்தில் முகம் கழுவியதற்காக, குளத்தைத் தீட்டாக்கிவிட்டீர்கள் என்று முஸ்லிம்கள் கூடிச் சண்டைக்கு வருகிறார்கள். பார்ஸிக்கும் கிறிஸ்தவர்க்கும் முஸ்லிமுக்கும் அவரவர் வேதத்தில் இல்லாத தீட்டு எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டு இந்துவிடமிருந்து தொற்றியது. இந்நோய் மதம் மாறியும் தொடரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இவ்வளவும் எழுத்திலேயே உள்ளனவே, சித்திரம் இதற்கு என்ன கூட்டியது என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். சித்திரக்காரரான வியாம் தம்பதிகள் மத்திய இந்தியாவின் பர்தான் கோண்டு இனத்தவர். இவ்வினத்தார் பரம்பரையாகப் பாணர்; கோண்டு மக்களின் குலக்கதைகளைப் பாடிப் பிழைத்தவர். சுவரிலும் தரையிலும் தீட்டிய கோலங்களும் உருவங்களுமே இவர்களது சித்திரக்கலைக்கு மூலம். ஜங்கர் சிங் ஷியாம் என்னும் கலைஞர் போபால் நகருக்கு வந்து அதைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்தவர்களே இவர்கள். ஆகையால் பிற படக்கதைகளில் காணும் சதுரக் கட்டங்கள் இந்நூலில் இல்லை. மனிதரைப் பெட்டிக்குள் அடைக்க இவர்கள் மறுத்துவிட்டனர். ‘திக்னா’ என்னும் தரைக்கோலத்தின் வளைவுகளே பக்கத்தைப் பிரிக்கின்றன. ஒரு மனிதனைச் சேரிக்குள்ளும் ஜாதிக்குள்ளும் அடைத்த கொடுமையைச் சொல்லும் நூல், தன் பாத்திரங்களைக் கட்டத்துக்குள் அடைக்காமல் உலவ விட்டிருப்பது பொருளுக்கேற்ற வடிவமன்றோ?

பேச்சை எழுதும் கூடுகளையும் கவனிக்கவேண்டும். அன்பாகப் பேசுவோர் சொற்கள் பறவை வடிவான கூட்டில் வருகின்றன. ஜாதி வெறியோடு பேசுவோர் சொற்களுக்குத் தேளின் கொடுக்கு வால் அமைந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியும் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘இவன் கொட்டுகிறான்’ என்று சொல்லிவிடுவாள். கோட்டை ஒரு பெரும் மிருகமாக நிற்கிறது. ரயில் பாம்பாக நெளிகிறது. தண்ணீருரிமை பற்றி அம்பேத்கர் கூட்டத்தில் முழங்கும்போது, ஒலிபெருக்கி நீர் தூவும் பூவாளியாகி மக்கள்மேல் சொரிகிறது. 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாட் ஊரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான தீண்டப்படாதார் இறங்கி நீர் பருகிய சம்பவத்தை எத்தனையோ நூல்கள் விவரித்துள்ளன. எனினும் ‘சொல்லே தண்ணீர்’ என்று ஒரு படத்தில் காட்டியது இந்நூலே. எழுத்துக்கு எட்டாத ஒன்றை இங்கே சித்திரம் எட்டியிருக்கிறது.

மற்றொரு சிறப்பு, பழைய கதை என்று தள்ளிவிட இந்நூல் இடம் தரவில்லை. பேருந்து நிறுத்தம் ஒன்றில் நம் காலத்தவர் இருவர் ஒதுக்கீட்டைப் பற்றி வாதிடுவதாகக் கதை தொடங்குகிறது. இடையிடையே, தண்ணீருக்காகவும் நடைபாதைக்காகவும் இக்காலத்தில் நடந்த கொடுமைகளைச் சொல்லும் பத்திரிகைச் செய்திகள் வருகின்றன. ‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்னும் வழக்கமான சமாதானத்தை இவை வாயடைத்துவிடுகின்றன.

நிற்க. குறைகளையும் சொல்லாமல் விடுவது விமர்சனமாகாது. முதலாவது, நூலின் பெயர். இராமாயணத்தின் சாயலில் பீமாயணம் என்று பெயரிட்டதைப் பகுத்தறிவாளர் எங்ஙனம் ஏற்பது? ‘இந்து மதத்தின் புதிர்கள்’ எழுதிய அறிஞரை, இராமன் உட்கார்ந்த அதே பீடத்தில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதையா, துரோகமா? இவ்வாட்சேபனையை நாம் அலட்சியப்படுத்தவில்லை. சிலைக்கு மாலை, படத்துக்குச் சூடம் என்று தலைவர்களைத் தெய்வமாக்கிப் பிறகு அவர்கள் சொன்னதை மறந்துவிடும் பழக்கம் நம்மிடையே இருப்பது மெய். ஆனால் நூலைத் திறந்து பார்த்தால் இந்தப் பீமன் அற்புதம் எதுவும் செய்வதில்லை, வரம் பெறுவதில்லை, தாகத்தால் நா வறள்கிறான், இடமின்றி அழுகிறான், பிறகு சிந்தித்துப் போராடுகிறான். காவியத்துக்குத் தகுதி அரசகுமாரனுக்கு மட்டுமன்று, தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனுக்கும் உண்டு என்று அறிவிப்பதாகவே இப்பெயரை நாம் கொள்கிறோம். பெயர் ஆபத்தானது, உள்ளடக்கம் அவ்வாபத்தைத் தடுக்கிறது.

இரண்டாவது குறையை அவ்வளவு எளிதில் மன்னிக்க இயலாது. நூலின் பெரும்பகுதி அம்பேத்கர் பட்ட காயங்களிலேயே தங்கிவிடுகிறது. 1936-இல் ‘ஜாதியை ஒழித்தல்’ என்னும் பேருரையை எழுதிய தர்க்கவாதி, பொருளாதார நிபுணர், 1956 அக்டோபர் 14-இல் இலட்சக்கணக்கானவரோடு பௌத்தம் தழுவிய வழிகாட்டி ஆகியோர்க்கு இதில் கிடைத்த இடம் குறைவு. அவமானம் சித்திரத்துக்கு எளிதில் அகப்படுகிறது, தர்க்கம் அகப்படுவதில்லை. இதனால் வாசகனுக்கு இரக்கம் பிறக்கும். ஆனால் இரக்கம் போதாது. இரக்கப்படுகிறவன் ஒரு குவளை நீர் கொடுத்துவிட்டுத் திருப்தியடைவான். தர்க்கத்தை உணர்ந்தவனே குளத்தைப் பொதுவாக்குவான்.

தர்க்கத்தைச் சித்திரமாக்கவே முடியாதா? முடியும் என்பதற்கு அதே 2011-இல் அதே பதிப்பகம் வெளியிட்ட மற்றொரு நூல் சாட்சி. மகாத்மா ஜோதிபா பூலே 1873-இல் மராத்தியில் எழுதிய ‘குலாம்கிரி’ என்னும் நூலை ஸ்ரீவித்யா நடராஜனும் அபராஜிதா நினானும் கறுப்பு வெள்ளைச் சித்திர நூலாக்கியிருக்கிறார்கள். அடிமைத்தனம் என்று பொருள்படும் அம்மூல நூலை, அமெரிக்காவில் கறுப்பு மக்களின் அடிமைத்தளையை நீக்கிய நல்லோர்க்குப் பூலே காணிக்கையாக்கியிருந்தார். அது கதையே அன்று. இருவர் கேள்வியும் பதிலுமாகப் புராணங்களைப் பிரித்து மேய்வது. அவதாரக் கதைகள் தெய்வ லீலைகள் அல்ல, மண்ணின் மக்களை வந்தேறிகள் வென்ற சரித்திரத்தின் மறைப்பே என்பது அவர் வாதம். இதைச் சுருக்கியவர்கள் கருத்தைக் கைவிடவில்லை. உரையாடலை உரையாடலாகவே வைத்து, தாங்களும் பாத்திரங்களாக உள்ளே புகுந்து, பூலேயின் கேள்விகளை இன்றைய உலகத்தோடு முட்டவிடுகிறார்கள். சித்திர அழகில் பீமாயணத்துக்கு இது ஈடாகாது. ஆயினும் கருத்துப் போரில் இதன் கை ஓங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே முழுப் பயன் உண்டு.

இத்தகைய நூல்களால் உலகில் ஏதேனும் நடந்ததுண்டா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுவோம். 1957-இல் அமெரிக்காவில் சமாதானச் சங்கம் ஒன்று, மார்ட்டின் லூதர் கிங்கையும் மாண்ட்கமரி நகர்ப் பேருந்துப் பகிஷ்காரத்தையும் பற்றிப் பதினாறு பக்கத்தில் ஒரு படக்கதை வெளியிட்டது. விலை பத்து சென்ட். அதைப் படித்த வாலிபருள் ஒருவர் ஜான் லூயிஸ். அவர் 1965 மார்ச் 7-இல் செல்மா நகரத்துப் பாலத்தில் வோட்டுரிமைக்காக அணிவகுத்துச் சென்று போலீஸாரிடம் தலையில் அடிபட்டார். பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானார். அம்முதியவர் தம் சரித்திரத்தைச் சொல்லத் தேர்ந்தெடுத்த வடிவம் என்ன? படக்கதைதான். ‘மார்ச்’ என்னும் பெயரில் 2013 முதல் 2016 வரை மூன்று பாகங்கள் வந்தன. மூன்றாம் பாகம் அந்நாட்டின் தேசிய நூற்பரிசு பெற்றது. பத்து சென்ட் விதை எத்துணை பெரிய மரமாயிற்று!

நம் நாட்டிலும் இக்கலைக்குப் பஞ்சமில்லை. பேராக் மாநிலத்துக் கம்பத்தில் தாம் வளர்ந்த கதையைச் சித்திரமாக்கி ஓவியர் லாட் 1979-இல் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ பல நாடுகளுக்குச் சென்றது. சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சானி லியூ, ஒரு கற்பனை ஓவியரின் வாழ்வைக் கூறுவதுபோல் சிங்கப்பூரின் அரசியல் சரித்திரத்தைக் கூறும் நூலை 2015-இல் வெளியிட்டார். கலை மன்றம் தந்த எண்ணாயிரம் வெள்ளி மானியம் திரும்பப் பெறப்பட்டது. நூலோ 2017-இல் ஐஸ்னர் பரிசுகள் மூன்றைப் பெற்றது. படக்கதை வெறும் விளையாட்டாயின் அதைக் கண்டு அதிகாரிகள் ஏன் அஞ்சவேண்டும்?

இனி நம் மக்களின் பங்கு என்ன? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம்மவர் நகரங்களை நோக்கிச் சிதறிய காலம் இது. பெரட்டுக்களமும் ஆயக்கொட்டகையும் எப்படியிருந்தன என்று சொல்லவல்ல முதியோர் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1942-43-இல் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் முகம் எப்படியிருந்தது? அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்து, 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்ட எஸ். ஏ. கணபதியின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் எங்கே காண்பார்கள்? ஜாதிவாரியாக லயத்தில் குடியமர்த்தப்பட்ட காலத்தையும், அதை எதிர்த்து 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் மூட்டிய கிளர்ச்சியையும் எவர் தீட்டுவார்? இவையெல்லாம் சித்திர நூலாதற்குத் தக்க சரித்திரங்கள். இவற்றை எழுதுவோர்க்கு, மேலே ஆராய்ந்த நூல்களிலிருந்து நாம் கண்ட விதிகள் மூன்று. சம்பந்தப்பட்டவரின் சொந்த வாக்குமூலத்தை அடிப்படையாகக் கொள்ளுங்கள். அந்நியர் வரைந்த அச்சில் வார்க்காமல், நம் மக்களின் கோலத்திலும் கைத்திறனிலும் வடிவத்தைத் தேடுங்கள். கண்ணீரோடு நிறுத்தாமல் காரணத்தையும் காட்டுங்கள்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். பீமாயணம் ஒரு பிரதி வாங்கித் தமிழ்ப் பள்ளியின் நூலகத்தில் வையுங்கள். அதன் பக்கத்திலேயே ‘ஜாதியை ஒழித்தல்’ பிரதியையும் வையுங்கள். முன்னதைப் பிள்ளை பன்னிரண்டு வயதில் எடுப்பான், பின்னதைப் பதினெட்டில் எடுப்பான். நல்ல சித்திர நூல் என்பது மூல நூலின் வாயிலை மறைக்கும் திரையாக நில்லாமல், உள்ளே அழைத்துச் செல்லும் கைவிளக்காக இருக்கவேண்டும். அவ்விளக்கைப் பீமாயணம் ஏற்றியிருக்கிறது. அது காட்டும் வாயிலுக்குள் பிள்ளையை அழைத்துச் செல்வது வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பெரியோரின் கடமையாகும்.